ஏழு நாள், ஆறு பேர், ஜூலை வெயில்: யூட்டா – அரிசோனா பயணத் திட்டம் சரிவருமா?

நெல்லையான்_நியூஜெர்சி | ஏப்ரல் 11

வணக்கம். பல வருடமாகப் படிப்பதோடு சரி, இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. ஜூலை இரண்டாவது வாரம் ஏழு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஜூன் கடைசியில் வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். அம்மாவுக்கு 66, இடது முழங்கால் வலி, படியைப் பார்த்தாலே முகம் மாறிவிடும். அப்புறம் நாங்கள் இரண்டு பேர், நான்காம் வகுப்பு முடிக்கப்போகும் மகள், நான்கு வயதுப் பையன்.

என் திட்டம் இது. முதல் நாள் லாஸ் வேகஸில் இறங்கி நேராக ஸயான் தேசியப் பூங்கா. இரண்டாம் நாள் பிரைஸ் கேன்யன். மூன்றாம் நாள் மோவாப் ஊருக்குப் போய், பாறை வளைவுகள் நிற்கும் ஆர்ச்சஸ் பூங்கா. நான்காம் நாள் மான்யுமென்ட் வேலி. ஐந்தாம் நாள் பேஜ் ஊரில் ஆன்டிலோப் கேன்யன் என்னும் குறுகலான பாறைப் பிளவு, ஆறு குதிரை லாடம் மாதிரி வளையும் ஹார்ஸ்ஷூ பென்ட். ஆறாம் நாள் கிராண்ட் கேன்யன். ஏழாம் நாள் சிடோனா பார்த்துவிட்டு வேகஸ் திரும்பி இரவு விமானம்.

"இது சுற்றுலாவா, தபால் பட்டுவாடாவா?" என்று என் மனைவி கேட்கிறாள். வீட்டில் தீர்ப்பு ஆகவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

மைல்கணக்கு | ஏப்ரல் 11

தங்கச்சி சொல்வதுதான் சரி. கூட்டிப் பார்த்தேன். வேகஸ் – ஸயான் 160 மைல், அங்கிருந்து பிரைஸ் 85, பிரைஸ் – மோவாப் 270, மோவாப் – மான்யுமென்ட் வேலி 150, அங்கிருந்து பேஜ் 125, பேஜ் – கிராண்ட் கேன்யன் 140, சிடோனாவுக்கு 115, திரும்ப வேகஸ் 280. மொத்தம் 1,300 மைலுக்கு மேல். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே 24 மணி நேரம். நான்கு வயதுப் பையனும் சர்க்கரைக்காரரும் இருக்கும் வண்டி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நின்றே தீரும்.

கடைசி நாளைப் பாருங்கள். ஏறக்குறைய 400 மைல் ஓட்டி, நடுவில் சிடோனாவும் பார்த்து, வாடகை வண்டியை ஒப்படைத்து, இரவு விமானம். சிடோனாவில் நீங்கள் பார்க்கப்போவது போக்குவரத்து விளக்கைத்தான்.

கேமராக்கிறுக்கன் | ஏப்ரல் 11

எல்லாரும் வெட்டு வெட்டு என்றுதான் சொல்லப்போகிறார்கள். நான் எதிர்க்கட்சி. அப்பா அம்மா இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வருவார்களா? மான்யுமென்ட் வேலியில் சூரியன் உதிப்பதைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய் வருவது, மதுரைக்குப் போய்விட்டு மீனாட்சி கோயிலுக்குப் போகாமல் வருவது மாதிரி. மோவாபை வேண்டுமானால் விடுங்கள், மான்யுமென்ட் வேலியை விடாதீர்கள். மேல் ஆன்டிலோப்பில் மேலேயிருந்து ஒளிக்கற்றை இறங்குவது கோடையில் நடுப்பகலில்தான். 11 மணியிலிருந்து 1 மணிக்குள் உள்ள சுற்றுக்கு இப்போதே சீட்டு வாங்கி வையுங்கள்.

பீனிக்ஸ்_அக்கா | ஏப்ரல் 12

நான் 14 வருடமாகப் பீனிக்ஸில் இருக்கிறேன், ஒவ்வொரு கோடையிலும் யாராவது விருந்தாளியை இந்தச் சுற்றுக்கு அழைத்துப் போகிறேன். மைலை அப்புறம் எண்ணலாம், முதலில் ஒவ்வொரு இடமும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று எழுதுங்கள். ஜூலையில் இந்த நாட்டுப்புறத்தை ஆள்வது உயரம்தான்.

லாஸ் வேகஸ் 2,000 அடி. ஜூலையில் 40 டிகிரி சாதாரணம். ஸயான் பள்ளத்தாக்கின் தரை 4,000 அடி, மோவாபும் அப்படித்தான், இரண்டிலும் பகலில் 38 போகும். பேஜ் 4,300, அங்கே 36. இப்போது மேலே வாருங்கள். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000 அடி, பகலில் 29 டிகிரி. பிரைஸ் 8,000 அடிக்கு மேல், பகலில் 27, இரவில் போர்வை தேடுவீர்கள். ஒரே வாரம், ஒரே பயணம், இறங்கினால் அடுப்பு, ஏறினால் கொடைக்கானல்.

அதனால் என் கணக்கு இப்படி: உயரமான இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள், தாழ்வான இடத்தைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பிரைஸில் இரண்டு, கிராண்ட் கேன்யனில் இரண்டு. ஸயானும் பேஜும் நடுவில் வரும் திண்ணை. மோவாப் ஜூலையில் உங்கள் அம்மாவுக்குத் தண்டனை. ஆர்ச்சஸில் பேர் போன வளைவுகள் பலவற்றை அருகில் பார்க்க வெயிலில் நடக்க வேண்டும்.

கேமராத் தம்பி, ஒளிக்கற்றை விஷயத்துக்குத் தனியாக வருகிறேன்.

பீனிக்ஸ்_அக்கா | ஏப்ரல் 12

வந்துவிட்டேன். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை இங்கே மான்சூன் காலம். ஆமாம், அதே பெயர்தான். காலையில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் கூடும், இரண்டு மூன்று மணிக்கு இடி. பாறை தண்ணீரைக் குடிக்காது, பெய்தது அத்தனையும் வழிந்து பிளவுகளுக்குள் இறங்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனுக்குள் இருந்த 11 பயணிகள் வெள்ளத்தில் இறந்துபோனார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி, மேல்புறத்தில். இன்றைக்கு நிரந்தரப் படிகள், எச்சரிக்கை ஏற்பாடு எல்லாம் உண்டு, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களான நவஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது, வானிலை சந்தேகமானால் அவர்களே ரத்து செய்துவிடுவார்கள். ஆனாலும் ஜூலையில் குடும்பத்தோடு போகிறவர் அன்றைய முதல் சுற்றைத்தான் எடுக்க வேண்டும். ஒளிக்கற்றை படத்தில் நன்றாகவே இருக்கிறது, படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மேல், கீழ் என்று இரண்டு ஆன்டிலோப். கீழ் கேன்யனுக்குள் இரும்புப் படிகளில் இறங்கி ஏற வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். மேல் கேன்யன் உள்ளே சமதரை, ஆனால் திரும்பும் வழியில் எவ்வளவு படி, ஏற்றம் என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். நான்கு வயதுப் பையனுக்குக் குழந்தை இருக்கை கொண்டுவர வேண்டுமா என்பதையும் கேளுங்கள், அங்கே வரை அவர்கள் வண்டியில்தான் போக வேண்டும்.

கேமராக்கிறுக்கன் | ஏப்ரல் 12

அக்காவிடம் வாதாட முடியாது. மான்யுமென்ட் வேலிக்கு மட்டும் என் ஓட்டு நிற்கிறது.

சும்மா_படிப்பவன் | ஏப்ரல் 13

மான்யுமென்ட் வேலி என்றதும் என் கதை. உள்ளே 17 மைல் மண்பாதைச் சுற்று. போன வருடம் வாடகைக் காரில் இறங்கினேன். நடுவில் ஒரு கல் டயரைக் கிழித்தது. மாற்று டயர் தேடிப் பின்பெட்டியைத் திறந்தால் அங்கே காற்றடிக்கும் சின்ன மோட்டார் மட்டும்தான். ஒப்பந்தத்தைப் பிறகுதான் படித்தேன், தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. தப்பு என்னுடையது. ஒரு நவஹோ பெரியவர் தன் டிரக்கில் வந்து உதவினார், எவ்வளவு கெஞ்சியும் பணம் வாங்கவில்லை, கடைசியில் மனைவி கொடுத்த அதிரசத்தை வாங்கிக்கொண்டார். அங்கே போனால் அவர்களுடைய வழிகாட்டி வண்டியில் போங்கள். மான்யுமென்ட் வேலியும் ஆன்டிலோப்பும் நவஹோ மக்களின் நிலம், தேசியப் பூங்கா பாஸ் இரண்டிலும் செல்லாது.

சக்கரவீடு | ஏப்ரல் 13

யாரும் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டி பற்றிப் பேசவில்லையே? வாடகைக்கு ஒரு 28 அடி வண்டி எடுத்தால் படுக்கை, கழிவறை, அடுப்பு எல்லாம் கூடவே வரும். அம்மா நினைத்தபோது படுத்துக்கொள்ளலாம்.

மைல்கணக்கு | ஏப்ரல் 13

ஏற்கெனவே ஓட்டிப் பழகியவருக்கு அருமையான யோசனை. முதல் தடவை ஓட்டுகிறவருக்கு, ஜூலையில், மலைப்பாதையில் வேண்டாம். ஸயானிலிருந்து கிழக்கே போகும் சாலையில் 1.1 மைல் சுரங்கப்பாதை இருக்கிறது. 1930-இல் முடித்தது, அந்தக் காலத்துக் காருக்கு அளந்து வெட்டியது. உயரம், அகலத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பிரைஸுக்கு நேர்வழியே அதுதான். பாடு பட்டு ஆர்.வி. ஓட்டிப் போய்ச் சுரங்க வாசலில் திரும்புவதைவிட ஒரு மினிவேன் போதும். எட்டு இருக்கை என்று மயங்காமல், மூன்றாவது வரிசையை நிமிர்த்திய பிறகு பெட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும் இடத்திலேயே பாருங்கள். ஆறு பேருக்கு ஆறு பெரிய பெட்டி வராது.

சக்கரவீடு | ஏப்ரல் 13

சுரங்கம் எனக்கு நினைவில்லை. வாபஸ்.

கட்டுச்சோறு | ஏப்ரல் 14

சாப்பாட்டுக்கு வருகிறேன். பேஜிலும் ஸயான் பக்கத்து ஊரிலும் ஏதாவது கிடைக்கும், ஆனால் உங்கள் அப்பா அம்மா மூன்றாம் நாளிலேயே "கொஞ்சம் ரசம் சாதம்" என்று கேட்பார்கள். மின்சாரக் குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள், சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள். பிரைஸ் உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெறும் பாத்திரத்தில் பருப்பு வைத்தால் விடிய விடியக் கொதிக்கும், வேகாது. சாதம் வைக்கும் சாதாரணக் குக்கரில் அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும், எனக்கு நடந்தது. அழுத்தக் குக்கர்தான் அங்கே பேசும்.

புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, நார்த்தங்காய், வறுத்த மோர்மிளகாய். வேகஸில் இறங்கியதும் இந்தியக் கடையில் தயிரும் அரிசியும் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பீனிக்ஸ்_அக்கா | ஏப்ரல் 14

நார்த்தங்காய்க்கு நூறு மார்க். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும், ஆனால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்து. வியர்ப்பது தெரியவே தெரியாது, காற்று அவ்வளவு வறட்சி, சட்டை காய்ந்தபடியே இருக்கும். உப்புப் போட்ட மோர், முறுக்கு, ஊறுகாய் நடுநடுவே போகட்டும். அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் உப்பு விஷயத்தை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கு வறண்டு பையனுக்கு ரத்தம் வரலாம், பயப்படாதீர்கள், பெரியவர்களுக்கும் வரும்.

இன்சுலினைக் காரில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது, பத்து நிமிடம் என்றாலும். ஐஸ் மேல் நேராகவும் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். துணியில் சுற்றித் தனி டப்பாவில் வைத்து, அந்த டப்பாவின் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். எல்லாருடைய பொறுப்பு என்றால் யாருடையதும் இல்லை.

நெல்லையான்_நியூஜெர்சி | ஏப்ரல் 14

டப்பா பொறுப்பு மகளுக்கு. அவள்தான் எங்கள் வீட்டு மேலதிகாரி.

சரி, மோவாபும் சிடோனாவும் திட்டத்திலிருந்து போயாச்சு. மான்யுமென்ட் வேலியை விட மனம் வரவில்லை, ஆனால் சும்மா_படிப்பவனின் டயர் கண் முன்னால் நிற்கிறது. பாஸ் எது வாங்க வேண்டும்?

மைல்கணக்கு | ஏப்ரல் 14

மகள் நான்காம் வகுப்பு என்றீர்களே, அதுதான் உங்கள் பாஸ்! அமெரிக்காவில் வசிக்கும் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு இலவச பாஸ் உண்டு, இணையத்தில் பதிந்து வாங்க வேண்டும், ஆகஸ்ட் 31 வரை செல்லும். சாதாரணமாக ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் ஒவ்வொன்றுக்கும் காருக்கு 35 டாலர்.

ஒரு எச்சரிக்கை. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்திருக்கிறது. வருடப் பாஸ் நமக்கு 80 டாலர், அவர்களுக்கு 250. அது இல்லாமல் வந்தால் 11 பெரிய பூங்காக்களில் 16 வயது நிறைந்த ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணிக்கும் 100 டாலர் கூடுதல். நீங்கள் போகும் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. விசிட்டர் விசாவில் வரும் தாத்தா பாட்டி உங்கள் காரில், உங்கள் பாஸில் வரும்போது என்ன கணக்கு என்பதைப் பூங்காவின் சொந்தத் தளத்தில் முன்கூட்டியே பாருங்கள். வாசலில் நின்று வாதாடினால் பின்னால் நாற்பது கார் ஹார்ன் அடிக்கும்.

பாறைப்பைத்தியம் | ஏப்ரல் 15

இவ்வளவு பேர் இவ்வளவு பேசியும் பாறையைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

நீங்கள் மிச்சம் வைத்திருக்கும் மூன்று பூங்காவும் ஒரே படிக்கட்டு. பிரைஸில் அடியில் கிடக்கும் பாறை அடுக்குதான் ஸயானின் உச்சி. ஸயானின் அடியில் இருப்பதுதான் கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நீங்கள் நிற்கும் பாறை. அந்த விளிம்புப் பாறைக்கே வயது சுமார் 27 கோடி வருடம். அதிலிருந்து ஒரு மைல் ஆழம் கீழே பார்த்தால் ஆற்றை ஒட்டிக் கருப்பாக ஒரு பாறை தெரியும், அதற்கு 170 கோடி வருடத்துக்கு மேல். அதன் பெயர் என்ன தெரியுமா? விஷ்ணு பாறை. புவியியல் நூல்களில் அப்படியே இருக்கிறது.

பெயர் வந்த கதை இது. 1880-களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் அந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தபோது நடுவில் தனித்து நிற்கும் பாறைக் குன்றுகளைக் கோயில்கள் என்றே பார்த்தார். கீழைநாட்டுச் சமயங்களிலிருந்து பெயர் வைத்தார். சிவன் கோயில், விஷ்ணு கோயில் இரண்டும் அவர் வைத்தவை. பின்னால் வந்தவர்கள் பிரம்மா, கிருஷ்ணர், ராமர், புத்தர் என்று வரிசையை நீட்டினார்கள். சிவன் கோயில் குன்றின் தலை தட்டையாக, காடாக இருக்கும். மற்ற நிலத்திலிருந்து வெகுகாலமாகப் பிரிந்து கிடப்பதால் அங்கே தனி வகை விலங்குகள் இருக்குமோ என்று 1937-இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழுவே ஏறிப் பார்த்தது. புதுசாக ஒன்றும் சிக்கவில்லை.

விஷ்ணு கோயிலை டெசர்ட் வியூ சாலையில் உள்ள காட்சி முனைகளிலிருந்து பார்க்கலாம், மேலே கூம்பாக, கோபுரம் மாதிரியே இருக்கும். சிவன் கோயிலுக்கு ஹோப்பி முனை. அம்மாவிடம் முன்னாலேயே சொல்லாதீர்கள், அங்கே போய்க் காட்டுங்கள்.

நெல்லையான்_நியூஜெர்சி | ஏப்ரல் 15

இது போதும். மான்யுமென்ட் வேலி தோற்றுவிட்டது. அம்மாவுக்கு விஷ்ணு கோயில்.

கேமராக்கிறுக்கன் | ஏப்ரல் 15

சாமியைக் கொண்டுவந்து ஜெயித்துவிட்டீர்கள். இது போங்கு ஆட்டம்.

பீனிக்ஸ்_அக்கா | ஏப்ரல் 16

ஹோப்பி முனை இருக்கும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காரை விட மாட்டார்கள், பூங்காவின் இலவசப் பேருந்துதான். ஆனால் நடக்க, ஏற இறங்கச் சிரமப்படுகிறவர் கூட இருந்தால் அந்தச் சாலையில் காரிலேயே போக ஒரு அனுமதி அட்டை உண்டு, நுழைவாயிலிலோ பார்வையாளர் மையத்திலோ கேட்டால் தருவார்கள், காசு கிடையாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. எங்கள் மாமியாருக்கு வாங்கியபோது அவர் "எனக்கென்ன ஊனமா" என்று கோபித்துக்கொண்டார், ஐந்தாவது முனையில்தான் சமாதானமானார்.

பிரைஸ் அம்மாவுக்கென்றே செய்த இடம். காட்சி முனைகள் பெரும்பாலும் கார் நிறுத்தத்தை ஒட்டியே. சன்ரைஸ் முனைக்கும் சன்செட் முனைக்கும் நடுவில் அரை மைல் தார்ப்பாதை, உட்கார பெஞ்ச் உண்டு. நீங்களும் மகளும் கீழே ஹூடூ என்னும் பாறைத் தூண்களுக்கு நடுவில் இறங்கி வாருங்கள், அப்பா அம்மா மேலே வேடிக்கை பார்க்கட்டும். மூச்சு வாங்கும், உயரம் அப்படி. முதல் நாள் மெதுவாகவே இருங்கள்.

ஸயானில் விடியற்காலை முதல் பேருந்துக்கே போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்றோரப் பாதை, கிட்டத்தட்ட சமதளம், காலையில் நிழல். பையன் ஆற்றில் கால் நனைக்கட்டும், ஆனால் தலையை முக்கவும் வாயில் தண்ணீர் போகவும் விடாதீர்கள், அந்த ஆற்றில் நச்சுப் பாசி இருக்கிறது என்று பூங்காவே பல வருடமாக எச்சரிக்கிறது.

மைல்கணக்கு | ஏப்ரல் 16

நேரக் குழப்பம் ஒன்று பாக்கி. கோடையில் யூட்டா, நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். அரிசோனா கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்புவதில்லை, அதனால் கோடையில் அது நெவாடாவோடு ஒத்துப்போகும். ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் திருப்பும். பேஜ் ஊர் அரிசோனா நேரம், ஆன்டிலோப் சுற்றும் பேஜ் நேரத்தில்தான். உங்கள் கைப்பேசியோ எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். கையில் ஒரு பழைய கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

வழியில் மணிக்கணக்காகச் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வையுங்கள். பெட்ரோல் பாதி ஆனால் அடுத்த ஊரிலேயே நிரப்புங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், மான் குறுக்கே வரும், கிராண்ட் கேன்யன் பக்கம் எல்க் என்னும் பெரிய மான் வரும், அது மோதினால் எருமை மோதின மாதிரி.

நெல்லையான்_நியூஜெர்சி | ஏப்ரல் 19

வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. வேகஸில் இறங்கி ஸயான் ஒரு இரவு, பிரைஸ் இரண்டு, பேஜ் ஒன்று, கிராண்ட் கேன்யன் இரண்டு, அங்கிருந்து வேகஸ், விமானம். சுமார் 815 மைல். கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் அறை இல்லை, தெற்கு வாசலுக்கு வெளியே டுசயானில் கிடைத்தது. உள்ளே யாராவது ரத்து செய்கிறார்களா என்று தினமும் காலை ஒரு தடவை பார்க்கிறேன், என் மனைவி அதைத் தனி நோய் என்கிறாள்.

பீனிக்ஸ்_அக்கா | ஏப்ரல் 19

வடக்கு விளிம்புப் பக்கம் திட்டத்தை மாற்றிவிடாதீர்கள். 2025 ஜூலையில் காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதி முழுக்க எரிந்துபோனது. தெற்கே சரியான முடிவு. போய் வந்து எழுதுங்கள், எழுதாமல் மறைகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

நெல்லையான்_நியூஜெர்சி | ஜூலை 24

அக்கா, மறையவில்லை.

ஸயானில் காலை பேருந்து நிறுத்தத்துக்குப் போனபோது மணி ஆறரை, வரிசையில் எங்களுக்கு முன்னால் நூறு பேர். ஆனாலும் பத்தரைக்குத் திரும்பிவிட்டோம், அப்போது வெளியே நிற்க முடியவில்லை. பையன் ஆற்றைவிட்டு வரமாட்டேன் என்று அழுதது தவிர ஒரு குறையும் இல்லை.

பிரைஸில் அம்மா சால்வை போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கீழே ஆயிரக்கணக்கில் சிவப்புத் தூண்கள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தனை பேரும் என்னத்துக்கு நிக்காங்க?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஏதோ ஊர்க்கூட்டம் மாதிரி. இரவு வானத்தைப் பார்க்கப் பையனை எழுப்பினோம், அவன் எழுந்திருக்கவில்லை. அழுத்தக் குக்கரில் பருப்பு வெந்தது. கட்டுச்சோறு அவர்களுக்கு அப்பாவின் தனி நன்றி.

பேஜில்தான் சறுக்கல். ஆன்டிலோப் முதல் சுற்றுக்குச் சீட்டு வாங்கி, கைக்கடிகாரம் கட்டி, சரியான நேரத்துக்குப் போய் நின்றோம். முந்தின இரவு மேலே மழை, அன்றைக்கும் மேகம். ரத்து. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மகளுக்குக் கண்ணில் தண்ணீர். வேறு போக்கிடம் தெரியாமல் பக்கத்தில் இருந்த கிளென் கேன்யன் அணைக்குப் போனோம், ஏசி இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக.

அங்கேதான் எங்கள் பயணத்தின் நாயகன் எழுந்தார், அப்பா. அணையின் உயரம் 710 அடி. பாபநாசம் அணை நிரம்பினால் 143 அடி என்று வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த மனிதர். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். ஏரிக்கரைப் பாறையில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடுவதைக் காட்டி, "முன்னாடி தண்ணி அதுவரை நின்னிருக்கு, பாரு எவ்வளவு இறங்கியிருக்கு" என்று பேத்திக்குப் பாடம் எடுத்தார். கசிவுநீரை எப்படி அளக்கிறார்கள் என்று அங்கிருந்த பணியாளரிடம் கேட்கச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். அந்த ஆள் சலிக்காமல் பதில் சொன்னார். இரண்டு மணி நேரம். அப்பாவை அப்படி நான் சின்ன வயதில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், மணிமுத்தாறு அணையில்.

ஹார்ஸ்ஷூ பென்ட் மறுநாள் விடிந்ததும். போய்வர ஒன்றரை மைல் என்பதால் அம்மா பாதி வழியில் நிழற்குடையில் உட்கார்ந்துகொண்டார். செம்மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "சாத்தான்குளம் தேரி மண்ணுதான். இதைப் பார்க்கவா இவ்வளவு செலவு?" என்றார்.

கிராண்ட் கேன்யனில் அனுமதி அட்டை கேட்டதும் கொடுத்தார்கள். டெசர்ட் வியூ சாலையில் காரை நிறுத்தி, அந்தக் கூம்பைக் காட்டி, "அம்மா, அது விஷ்ணு கோயில்" என்றேன். நம்பவில்லை. பலகையில் இருந்த பெயரை மகள் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் குடும்பம் என்னவென்று கேட்டது, சொன்னேன், அவர்களும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேமராக்கிறுக்கன் | ஜூலை 24

ஆன்டிலோப் ரத்தானதற்கு என் ஆழ்ந்த அனுதாபம். படம் எங்கே?

நெல்லையான்_நியூஜெர்சி | ஜூலை 25

மொத்தம் 640 படம். அதில் 212 அணை. அப்பா கையில் கைப்பேசி இருந்தது.

பாறைப்பைத்தியம் | ஜூலை 25

அந்த 212-ஐயும் போடுங்கள். அணையின் இரண்டு பக்கமும் தெரியும் பாறை நவஹோ மணற்கல், ஸயானில் நீங்கள் அண்ணாந்து பார்த்த அதே அடுக்கு.

கட்டுச்சோறு | ஜூலை 25

நார்த்தங்காய் மிச்சம் இருந்ததா?

நெல்லையான்_நியூஜெர்சி | ஜூலை 25

ஸயானிலேயே தீர்ந்துவிட்டது. மிச்ச நாளை உப்பு பிஸ்கட் வைத்து ஓட்டினோம். அடுத்த தடவை இரண்டு பாட்டில்.